சீர்த்தட்டில் ஒரு பித்தளை வால்வு

பஸ்ஸில் சீட் பிடிப்பது ஒரு கலை என்றும், அதில் நான் கரை கண்டவன் என்றும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்பத்தூரில் வால்வு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். முதலாளி தரும் பயணப்படி பஸ்ஸைத் தாண்டாது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எந்த சீட் தூக்கிப் போடும், பக்கத்து சீட்காரர் ஏன் மடியில் கோழியோடு வேலூர் போகிறார் என்று எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். (கோழி விவரம் கேட்டு முடிப்பதற்குள் நான் இறங்க வேண்டிய ஊர் போய்விட்டது.)

அன்று ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு எங்கள் புது வால்வைக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் போகாவிட்டால் மேனேஜர் வேறு கம்பெனியின் சாம்பிளுக்கு ஓகே சொல்லிவிடுவார். இந்த ஆர்டர் வந்தால் என் வேலை நிரந்தரம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பளபளக்கும் பித்தளையில் கீறல் விழக்கூடாதே என்று புதுத் துண்டில் சுற்றி, வீட்டில் கைக்குக் கிடைத்த தாம்பூலப் பையில் போட்டுக்கொண்டேன்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் முகூர்த்த நாள் கூட்டம். என் சித்தாந்தம் எளிமையானது: போர்டைப் படித்துக்கொண்டு நிற்பவனுக்கு சீட் கிடைக்காது. கர்ச்சீப் போட்டால் தள்ளிவிடுவார்கள். கனமான பையை யாரும் நகர்த்த மாட்டார்கள். ஊர்ந்து வந்த பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பையை சீட்டில் இறக்கிவிட்டு, வெற்றி வீரனாக வாசலுக்குச் சுற்றி ஓடினேன். பஸ் நிற்கவில்லை. என் நிரந்தர வேலையை ஏற்றிக்கொண்டு பெங்களூர் ரோட்டில் போயே போய்விட்டது.

பட்டு வேட்டி கட்டிய ஒருவரும் என்னோடு ஓடிவந்து மூச்சிரைக்க நின்றார்.

"இன்னா தம்பி, நீ பொண்ணு சைடா, பையன் சைடா?"

"நான் ராணிப்பேட்டை, சார்."

"அது நிச்சயதார்த்த வண்டிப்பா. நான் மாப்ளைக்கு சித்தப்பா. ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள உட்டுட்டுப் போய்கினு கீறானுங்க."

அவர் போன் அடித்தார். வண்டியில் பாட்டுச் சத்தம் போலும், யாரும் எடுக்கவில்லை. இருவரும் அடுத்த பஸ்ஸில் (போர்டைப் படித்துவிட்டுத்தான்) ஸ்ரீபெரும்புதூர் மண்டபத்துக்குப் போனோம்.

அங்கே பழம், பூ, புடவை, லட்டு என்று சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. நடுவில், என் துண்டை விரித்து, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய்க்குப் பக்கத்தில் என் வால்வு. தாம்பூலப் பையில் புதுத் துண்டோடு வந்ததால் யாரோ வாங்கிய சீர் என்று நினைத்து, தட்டு ஒற்றைப்படையாக வேண்டுமென்று சேர்த்துவிட்டார்களாம். நான் கை வைத்ததும் மாப்பிள்ளையின் அத்தை தடுத்தார்.

"நீ எடுத்துட்டா ரெட்டப்படை ஆயிடும்பா. வேற தட்டு ரெடி பண்றோம், செத்த இரு."

அதற்குள் பெண்ணின் அப்பா வந்து, இது எதற்கு என்று கேட்டார். "பைப்புக்கு" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி, மேலிருந்து ஊற்றினால் போகும், கீழிருந்து வந்தால் அடைத்துக்கொள்ளும் என்று செய்தே காட்டினேன். கூட்டம் சேர்ந்தது. மணப்பெண்ணே எட்டிப் பார்த்து, நடுவில் மண் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவ்வளவு நல்ல கேள்வியை எங்கள் ஆபீசில்கூட யாரும் கேட்டதில்லை. மாற்றுத் தட்டு வந்து, வரிசையில் உட்கார்ந்து, தட்டு மாற்றியும் முடிந்துவிட்டது. நான் இன்னும் வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உனக்கு இன்னாவோ அவசர வேலை கீதுன்னியே," என்றார் சித்தப்பா.

வால்வோடு நான் போய்ச் சேர்ந்தபோது ராணிப்பேட்டை மேனேஜர் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். வால்வை வாங்கித் திருகினார். திருகு மரைக்குள்ளிருந்து குங்குமம் அவர் மேஜையில் கொட்டியது.

"நாங்க சாமி சிலைக்கு ஆர்டர் குடுக்கலையேப்பா," என்றார் சாந்தமாக. மற்ற சாம்பிளுக்கு ஏற்கெனவே ஓகே சொல்லியாகிவிட்டது.

என் நிரந்தரம் இன்னொரு வருஷம் தள்ளிப்போனது. இப்போது போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். சாம்பிள் என் மடியை விட்டு இறங்குவதில்லை. போன மாதம் சேக்காட்டில் எங்கள் வீட்டுக்குக் கல்யாணத் தரகர் வந்து, பையன் வீட்டில் சீர் எப்படிச் செய்வீர்கள் என்று அம்மாவிடம் விசாரித்தார். அம்மா வாய் திறப்பதற்குள் என் தங்கை முந்திக்கொண்டாள்.

"நல்லாத்தான் செய்வோம். ஆனா பொண்ணு வீட்ல இப்பவே சொல்லி வெச்சுடுங்க. எங்க அண்ணன் போன தபா வெச்ச சீரை, எல்லாரும் தட்டோட நிக்கும்போதே திருப்பி வாங்கிகினு வந்துட்டான்."