சுகம் விசாரிப்புச் செலவு

மாத்தளை,
1989, ஊரடங்கு எடுத்த மறுநாள்.

அன்புள்ள தம்பி புஹாரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இவ்விடம் வாப்பா நல்ல சுகம். எங்களுக்குத்தான் முடியவில்லை.

வாப்பா விழுந்து காலை முறித்துக்கொண்டதும், "நானா, நீங்க பாத்துக்கோங்க, செலவ யோசிக்காதீங்க" என்று கொழும்பிலிருந்து சொன்னாய். நான் யோசிக்கவே இல்லை, அதுபாட்டுக்குச் செலவாகிவிட்டது. தம்புள்ளையில் என் வெங்காயக் கடை பூட்டிக் கிடக்கிறது, என் வாடிக்கைக்காரர்களைப் பக்கத்துக் கடை பலீல் அன்போடு கவனித்துக்கொள்கிறார். மருந்துச் செலவு பெரிதில்லை, சுகம் விசாரிக்க வருகிறவர்கள்தான் என்னைப் படுக்கவைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு பை தோடம்பழம் கொண்டு வருகிறார்கள். வாப்பாவுக்குச் சீனி வருத்தம், அதைத் தொடவே கூடாது. பதிலுக்கு நாம் தேத்தண்ணீர், ரோல்ஸ், நேரமானால் சோறு கொடுக்க வேண்டும். அது போதாதென்று கட்டிலில் இருந்தபடியே வாப்பா என் மனைவியிடம், "ஹமீமா, வந்தவங்களுக்குக் கோழி ஆக்கலியா புள்ள?" என்பார். அவளுடைய காப்பு அடகுக்குப் போனது இப்படித்தான்.

ஆள் வரவு குறைந்தால் வாப்பாவுக்கு வருத்தம் கூடிவிடும். போன வாரம், "கடைசியா ஒருக்கா ஜுனைதீனப் பாக்கணும்" என்று லக்கலைக்குச் சொல்லியனுப்பினார். உம்மாவின் தம்பியாயிற்றே, மௌத்துக்கே தயாராக மாமா குடும்பத்தோடு லொறி பிடித்து வந்து அழுதுகொண்டே இறங்கினார். இறங்கியதும் ஊரடங்கு போட்டார்கள். அது எடுக்கும்வரை அத்தனை பேரும் நம் வீட்டில்தான், வாப்பா எழுந்து உட்கார்ந்து மாமாவோடு டாம் விளையாடினார், ஜெயித்தார். ஹமீமாவின் முட்டைக் கோழிகள் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து வந்து வாப்பாவை உன்னோடு கூட்டிப் போ. உன் மாடி வீட்டுக்கு ஒருவரும் ஏறி வரமாட்டார்கள். கடையைத் திறந்தால்தான் காப்பை மீட்கலாம். இதுதான் என் முடிவு, மாற்றமில்லை.

உனக்கும் உம்மு குல்தூமுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய சலாமும் துஆவும்.

இப்படிக்கு,
பூட்டிய கடைக்கு முதலாளி,
உன் நானா ஸக்கரியா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருக்கிறார். "கொழும்புல என்னப் பாக்க யாரு மகன் வருவாங்க?" என்று மட்டும் கேட்டார். வேன் வேண்டாம். நீ பஸ்ஸில் வா, சுகம் விசாரிக்க. ஜுனைதீன் மாமாவையும் மறுபடி வரச் சொல்லிவிட்டேன். தோடம்பழம் கொண்டு வராதே, கோழி கொண்டு வா.