நீச்சல்குளத்துக்கு ஓர் உபயகாரர்

வீட்டு வரி குறைவாக வந்துவிட்டது என்று அரசாங்கத்தோடு சண்டைக்குப் போன ஆள் ஜெர்மனி முழுவதிலும் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் வீட்டு மாடியில் நான் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்தேன். நிஜப் பெயர் தபால்பெட்டியில் ஒட்டியிருந்தது. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் உபயம் அண்ணை.

எனக்கு எர்லாங்கனில் வேலை. அங்கிருந்து சைக்கிளில் அரை மணி தூரத்தில் ஒரு சின்ன ஊரில் அவர் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பேக்கரியில் மாவு பிசைந்து வாங்கிய வீடு. கோவில் திருவிழாவில் ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு குடும்பத்தார் உபயமாக ஏற்றுக்கொள்வார்கள் அல்லவா? ஜெர்மனியில் எந்தக் கோவிலில் ஆள் கிடைக்காத நாள் இருந்தாலும் அது அண்ணையின் தலையில் வந்து விழும். அவரும் வாங்கிக்கொள்வார். அப்படி வந்த பெயர்.

வீட்டு வரிச் சட்டம் மாறியபோது, அவரவர் வீட்டு அளவை எழுதி அனுப்பச் சொன்னார்கள். கூரை சரிந்து தலை இடிக்கும் இடத்தைப் பாதியாகக் கணக்கிட்டால் போதும் என்று விதி. ஊரே அளவுநாடாவைத் தூக்கிக்கொண்டு தலை இடிக்கும் இடங்களைத் தேடி அலைந்தது. அண்ணையின் சாமியறை முழுவதுமே சரிவுக்குக் கீழே. படிவத்தை நிரப்பியவன் நான். பாதி என்று போட்டு அனுப்பிவிட்டு, அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமையோடு சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"தம்பி, முருகனை அரைவாசி எண்டு எழுத ஏலாது."

"அண்ணே, ரூம்தான் பாதி. சாமி ஃபுல்லாத்தான் இருக்காரு."

"அறை அரைவாசியெண்டால் மற்ற அரைவாசி முருகன் எங்கை இருக்கிறது?"

அண்ணை ஆட்சேபக் கடிதம் போட்டார். வரி அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "குறைக்கத்தானே கேட்கிறீர்கள்?" என்றார். கூட்டச் சொல்வதாக அண்ணை சொன்னார். அந்த மனிதர் போனை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டார். கடைசியில் ஒரு கடிதம் வந்தது: வரி குறைந்ததால் உங்களுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை, ஆகவே ஆட்சேபம் செல்லாது. "எனக்கில்லைத்தான், முருகனுக்கு இருக்கே" என்று அண்ணை அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.

இதற்குள் ஊருக்கே கஷ்டகாலம் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு ஏறிவிட்டது, பராமரிப்புச் செலவு ஏறிவிட்டது என்று மாவட்டம் ஊரிடம் கூடுதல் பங்கு கேட்டது. ஊரிடம் இல்லை. வீட்டு வரியை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளரங்க நீச்சல்குளத்தை மூட வேண்டும் என்று மேயர் அறிவித்தார்.

அண்ணையின் மனைவிக்கு, அதாவது அக்காவுக்கு, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. புதன்கிழமை காலையில் அந்தக் குளத்து வெதுவெதுப்பான தண்ணீரில் நடக்கிற ஒரு மணி நேரம்தான் வாரத்தில் அவர் வலியில்லாமல் நடக்கிற நேரம். குளம் போனால் அதுவும் போயிற்று.

அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனார். "கூட்டுங்கோ, கட்டுறன். என்ரை காசு குளத்துக்குத்தான் போகுது எண்டு எழுதித் தாங்கோ எண்டு கேக்கப்போறன்" என்று வழியில் சொன்னார். அப்படியே ஜெர்மனில் கேட்டார். வரிப் பிரிவு அம்மாள், எல்லாக் காசும் ஒரே பானையில்தான் விழும் என்றார். பிறகு நல்ல மனசோடு ஒரு தாளில் படம் போட்டார். ஊரிலிருந்து மாவட்டத்துக்கு ஓர் அம்பு, மாவட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓர் அம்பு, மாநிலத்திலிருந்து ஊருக்கு ஓர் அம்பு, அது திரும்பி வேறு பக்கம் போக இன்னோர் அம்பு. கடைசியில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று அவரே பேனாவை வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.

"விளங்குதோ தம்பி?" என்றார் அண்ணை தமிழில்.

"ஓரளவுக்கு அண்ணே" என்று பொய் சொன்னேன்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இந்த மனுசிக்கும் விளங்கேல்லைப் போல. பாவம், வாங்கோ போவம்."

ஊர்ச்சபை கூடிய அன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள், அதிலும் பென்ஷன்காரர்கள். வரி ஏறினால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்று ஒரு கிழவி அழாத குறையாகச் சொன்னார். எனக்கு அவர் பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. அப்போது அண்ணை எழுந்து, ஒவ்வொரு தெருவும் குளத்தை ஒரு வாரம் உபயமாக ஏற்கலாம் என்று விளக்க ஆரம்பித்தார். சாமி, திருவிழா, மேளம் எல்லாம் வந்தன. குளத்துக்குள் சாமி எப்படி வந்தது என்று பக்கத்துக்காரர் என்னிடம் கேட்டார்.

"ஐயா, நீங்கள் வரி உயர்வை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?" என்றார் மேயர்.

அண்ணை கொஞ்சம் யோசித்தார். "என் மனைவிக்கு முழங்கால் வலிக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வாக்கு வித்தியாசத்தில் வரி ஏறியது, குளம் தப்பியது. அவர் பேச்சு எந்தப் பக்கத்துக்கு வாக்குச் சேர்த்தது என்று எனக்கு இன்றும் குழப்பம்தான்.

இங்கே வீட்டு வரியை வாடகைக்காரர் தலையில் போடலாம், எல்லோரும் போடுகிறார்கள். வருஷக் கடைசியில் அண்ணை தந்த கணக்கில் தண்ணீர் இருந்தது, குப்பை இருந்தது, வரி இல்லை.

"அண்ணே, டாக்ஸ்ல என் ஷேரை விட்டுட்டீங்களே?"

"அது எங்கடை முழங்கால் தம்பி. நீங்கள் ஏன் கட்டுறியள்?"

இப்போது நான் ஹம்பேர்க்கில் இருக்கிறேன். வீட்டு வரியில் என் பங்கு தவறாமல் வந்துவிடுகிறது. அது எந்தப் பானைக்குப் போகிறதோ, யாருக்குத் தெரியும். யாரோ ஒருவருக்கு முழங்கால் நோகாமல் இருந்தால் சரி என்று கட்டிவிடுகிறேன். கட்டிய அன்றெல்லாம் அண்ணையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.