தூங்காமணி அண்ணனின் லேப்டாப்

தூக்கத்தின் மேல் இப்படிப் பகை கொண்ட மனிதர் தாமிரபரணிக் கரையில் இன்னொருவர் பிறக்கவில்லை. அவருடைய தூக்கமல்ல, லேப்டாப்பின் தூக்கம். பாளையங்கோட்டையில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த சின்ன மென்பொருள் அலுவலகத்தில் அவர்தான் மூத்தவர். மௌஸைத் தொடமாட்டார், எல்லாமே கறுப்புத் திரையில் தட்டும் கட்டளைகள்தான். அப்படி ஒரே வரியில் தன் லேப்டாப்பின் தூக்கத்தை ஒழித்திருந்தார். மூடினாலும் அது விழித்தே கிடக்கும். அதனால் அவர் தூங்காமணி அண்ணன்.

நான் சேர்ந்த வாரம், அவர் பையிலிருந்து ஆவி பறக்க டிபன் பாக்ஸ் வந்தது. அம்பாசமுத்திரத்தில் அவர் வீட்டில் காலையில் கட்டிய சோறு. பைக்குள் எட்டிப் பார்த்தால், அடியில் மூடிய லேப்டாப் அனலாக ஓடிக்கொண்டிருந்தது.

"எண்ணே, தீப்பிடிச்சிராதா?"

"சாம்பாரு சூடா இருக்கா, இல்லியா? அதச் சொல்லு."

வேலைக்கு முன் சரிபார்க்க வேண்டியதை எல்லாம் பட்டியல் போடுகிறவள் நான். என் எந்தப் பட்டியலிலும் சாம்பார் இருந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. திசையன்விளை ஜவுளிக்கடை ஒன்றின் பழைய விவரங்கள் முழுவதும் என் லேப்டாப்பிலிருந்து புதிய சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் தனியாகச் செய்த முதல் வேலை. பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்; காலையில் கடையில் பில் போட முடியாது. முதலாளி அண்ணாச்சியோ சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு லேப்டாப்பாக மூடிப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். பொட்டு வைத்ததை மறுநாள்வரை திறக்கக் கூடாது. மூடினால் என் லேப்டாப் தூங்கிவிடும், வேலையும் நின்றுவிடும்.

"அண்ணாச்சி, இது மட்டும்..."

"ஏம்மா, சாமி காரியத்துலயா பேரம் பேசுத?"

தூங்காமணி அண்ணன் குறுக்கே பாய்ந்து, என் லேப்டாப்பில் ஒரு வரி தட்டினார். அவர் கையை எடுப்பதற்குள் மூடிவிட்டார் அண்ணாச்சி. சந்தனமும் ஒட்டியாயிற்று. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"பதறாத பிள்ள. இந்த வேல முடியுமட்டும் தூங்காதன்னு சொல்லிருக்கேன். முடிஞ்சா அதுவா தூங்கும், லைட்டு சிமிட்டும்."

எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அண்ணன் மட்டும் பஸ்ஸை விட்டுவிட்டு, சுண்டல் தட்டோடு என் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார்.

"போகலியாண்ணே?"

"எதுக்கும் இருந்து பாப்போம்."

தான் தட்டிய வரியை அவரே நம்பவில்லை! நானும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்தி சாயும்போது லைட் மெல்லச் சிமிட்டியது. ஜவுளிக்கடைக்காரர் போனில், "எல்லாம் வந்துட்டும்மா" என்றார். சொல்லத் திரும்பினால், அண்ணன் தட்டை மடியில் வைத்தபடி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கதவைப் பூட்ட வந்த அண்ணாச்சி, "ஏலே, எந்திரிலே!" என்று ஆரம்பித்தார்.

"பைய, அண்ணாச்சி" என்றேன். "கொஞ்சம் தூங்கட்டும்."