நம் வீட்டுச் சகனில் திரிபுரசுந்தரி

கீழக்கரை
திங்கட்கிழமை

அன்புள்ள மச்சான் பர்வேஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் இங்கே உங்கள் அக்கா நஃபீசா, என் மாமியாரான உங்கள் உம்மா, என் மகள் இஃப்ரா, மைக்செட் கடை ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாரும் நலம். ஒரு ஆம்ப்ளிஃபயர் மட்டும் லேசாகப் புகைகிறது. போனில் பேசினால் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்வதால், வெள்ளிக்கிழமை ஷார்ஜா வரும் காதர் மைதீனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இஃப்ராவுக்குப் பரமக்குடி ஜாபர் சாதிக்கைப் பேசியது உங்களுக்குத் தெரியும். இருவருக்கும் பிடித்துப் போனது. ஆனால் அவர்கள் வழக்கப்படி பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். நம் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், கல்யாணமான நாளிலிருந்து நான் இங்கே இருப்பதைப் போல. "மாமியா வீட்டுல என்ன நடக்கும்னு எட்டு வருசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன், புள்ளைய அனுப்ப ஏலாது" என்று மாமி மறுத்துவிட்டார்கள். எங்கே பார்த்தார்கள்? டிவியில். எட்டரை மணி சீரியலில் நடிகை கமலதாரா, திரிபுரசுந்தரி என்ற மாமியாராக வந்து மருமகளைப் படுத்தி எடுக்கிறார். அதனால் இந்த வீட்டில் நான் ஒரு கிரிக்கெட் மேட்ச்சையும் முழுதாகப் பார்த்ததில்லை, அது கிடக்கட்டும். இஃப்ரா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த நிலையில் ராமநாதபுரத்தில் அதே கமலதாராவின் பாட்டுக் கச்சேரி, மைக்செட் நம்முடையது. அந்த அம்மாவைப் பழைய சினிமாக் கதாநாயகி என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கு முன்பே நாடகக் குழுவில் கிழவி வேடம் போட்டாராம், சொந்தக் குரலில் பாடிக் கேசட் வெளியிட்டாராம். "என் குரலைக் குறைங்க பாய், தபேலாவ ஏத்துங்க" என்று அவர் கேட்டதிலேயே தொழில் தெரிந்தவர் என்று புரிந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷியை நேரில் பார்த்தால் மாமிக்குப் பயம் தெளியும் என்று நினைத்து, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். மறுக்காமல் வந்துவிட்டார்.

மாமி, நஃபீசா, இஃப்ரா, கமலதாரா நால்வரையும் ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார வைத்தோம். ஒரு தட்டில் கை வைத்த பிறகு நம் வீட்டில் யாரும் யாரையும் முறைப்பதில்லை. தண்ணீர்க் கூஜாவோடு நான் வாசற்படியில் நின்றேன். மாமி நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிக்கொண்டே கேட்டார்கள்: "ஏம்மா, அந்தப் புள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்துறியளே, மவன அவ வீட்டுக்கு அனுப்பிட்டா தீந்து போச்சுல?"

"அனுப்பிட்டா மறுநாளே எனக்கு வேலை போயிரும்மா" என்றார் கமலதாரா.

இஃப்ரா சும்மா இருக்காமல், அந்தக் குரலில் பேசிக் காட்டச் சொன்னாள். அவர் இடது புருவத்தைத் தூக்கி "மருமகளே" என்றார். மாமி எச்சில் கையோடு இஃப்ராவை இழுத்துத் தன் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். என் கூஜா கீழே விழுந்தது. மறுநொடி அவர் பழைய முகத்தோடு, "தால்ச்சா இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார்.

"அப்ப அம்புட்டும் நடிப்பா?" என்று கேட்டார்கள் மாமி.

"நடிப்புதாம்மா. நான் மேடையில பாடும்போது, என் பிள்ளைய மடியில போட்டுத் தூங்க வச்சது என் மாமியார்தான்."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "மாப்புள, பரமக்குடிக்குப் போனப் போடுங்க. புள்ளைய அனுப்புறோம்" என்றார்கள். இஃப்ரா அன்று இரண்டு முறை சோறு கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது மச்சான்.

அடுத்த மாதம் நிக்காஹ். லீவு போட்டு வந்து சேருங்கள். உங்கள் வேலையிலும் உடம்பிலும் ரப்பு பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
ஹமீது சுல்தான்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது இன்றைய சீரியல் முடிந்தது. திரிபுரசுந்தரி மருமகளுக்குப் பாலில் எதையோ கலந்து கொடுத்துவிட்டார். "அந்தம்மா நல்லவதான். ஆனா அத எழுதுனவன் எங்கயோ பாத்துத்தான எழுதிருப்பான்" என்று சொல்லி, இஃப்ராவோடு தானும் பரமக்குடியிலேயே தங்குவதாக மாமி பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டார்கள். போனில் சொன்னதும் மாப்பிள்ளையின் உம்மாவுக்கு ஏக சந்தோஷம், அவரும் பார்ப்பது அதே சீரியல்தானாம். இனி எட்டரை மணிக்கு ரிமோட் என் கையில், ஆனால் மாமி பக்கத்தில் இருந்து கதை சொல்லாமல் எனக்குச் சீரியல் ஓடாது. மச்சான், உடனே போன் செய்து உம்மாவை எப்படியாவது தடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளை பாலைக் குடித்தாளா இல்லையா என்று நான் யாரிடம் கேட்பேன்?