ஹப்சிகுடா பாலைவனம்

ஒட்டகத்தில் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, சூட்கேஸைத் தூக்கும்போதே ஏனோக்கின் இடுப்பு பிடித்துக்கொண்டது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "எங்கே போறதா இருந்தீங்க?"

"ஜெய்சல்மேர், சார். அஞ்சு நாள் ஒட்டகத்துலயே போறது. வழியில பாலைவன கிராமங்க, பழைய அரண்மனைங்க எல்லாம் உண்டு."

"ஆட்டோவுலகூட போகாதீங்க" என்றார் டாக்டர்.

பயண ஏற்பாட்டுக்காரர்கள் அடுத்த டிசம்பருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அதில் சிக்கல் இல்லை. பிளெசியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல்.

பிளெசி ஒரே மகள். புனேயில் புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முப்பத்து நாலு வருடம் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு அவள் கொடுத்த பரிசு இந்தப் பயணம்.

"சொன்னா அடுத்த பிளைட்டுல வந்து நிப்பா" என்றாள் ஏனோக்கின் மனைவி ஞானசௌந்தரி. "இப்பமே லீவு போட்டா அவ வேலை என்னத்துக்கு ஆகும்? அஞ்சு நாளும் வாயத் தொறக்காம இருந்திருவோம்."

"பொய் சொல்லச் சொல்லுதியா?" ஏனோக் சபைக் கமிட்டியில் இருப்பவர்.

"பொய் சொல்லாண்டாம். உண்மையச் சொல்லாம இருங்க, போதும்."

பயணம் கிளம்ப வேண்டிய நாளில் இருவரும் தங்கள் ஹப்சிகுடா வீட்டின் திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள். அதற்குக் காரணம் மாடி வீட்டு பத்ரிநாராயணன். அவரும் மனைவி கல்பகமும் போன வருடம் இதே பயணம் போய்விட்டு வந்து, ஆறு மாதம் அதைப் பற்றியே பேசினார்கள். அதைக் கேட்டுத்தான் பிளெசிக்கு இந்த யோசனையே வந்தது. வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து, வழிகாட்ட பத்ரி அங்கிளையும் அதில் சேர்த்திருந்தாள்.

குக்கர் விசில் மாடிக்குக் கேட்கும் என்பதால் அன்று மதியம் பிரெட்டும் ஜாமும். டிவி கிடையாது. பேச்செல்லாம் காதோடு காதாக.

சாயங்காலம் பிளெசியின் செய்தி வந்தது. "டாடி! டெசர்ட் எப்படி இருக்கு? போட்டோ பேஜோ நா, சீக்கிரம் அனுப்புங்க!"

"சிக்னல் இல்லைன்னு போடுங்க."

"சிக்னல் இல்லாம அத எப்படிப் போட?"

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, பத்ரிநாராயணன் வாக்கிங் கிளம்புமுன், இருவரும் பூனைபோல் வெளியே வந்தார்கள். இரண்டு தெரு தள்ளி அபார்ட்மென்ட் கட்டும் இடத்தில் மணல் குவித்திருந்தது. இடுப்பு பெல்ட்டுக்கு மேல் குர்தாவும் தலையில் துப்பட்டாவுமாக ஏனோக் மணல்மேல் நின்றார். ஞானசௌந்தரி படம் எடுத்து அனுப்பினாள்.

பத்ரிநாராயணனிடமிருந்து உடனே கேள்வி வந்தது. "மணல் ஏன் கறுப்பா இருக்கு சார்? நாங்க போனப்போ தங்கமா மின்னித்தே?"

ஏனோக் யோசித்து, "மழை" என்று பதில் போட்டார்.

அரை நிமிடத்தில் பிளெசி பதறினாள். "பாலைவனத்துல மழையா? ஃப்ளட் வருமா? கேமல் எல்லாம் சேஃப்பா? நான் டூர்காரங்களுக்கு போன் பண்றேன்!"

"பண்ணாத! மழை நின்னுட்டு. ஒட்டகமும் நல்லா இருக்கு. நாளைக்குப் படம் அனுப்புதேன்" என்று எழுதி அனுப்பிவிட்டு, ஏனோக் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்ப ஒட்டகத்துக்கு எங்க போக?"

கல்யாண ஊர்வலங்களுக்கு ஒட்டகம் கொண்டுவரும் ஜஹாங்கீரின் நம்பரை பேண்டு வாத்தியக் கடை ஒன்றில் கேட்டு வாங்கினார்கள். மணல் குவியலுக்கு ஒட்டகம் வேண்டும் என்றபோது, ஜஹாங்கீர் எதற்கு என்றே கேட்கவில்லை. "போட்டோவா சாப்? ஃபிகர் நக்கோ, கவலையே வேணாம். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துடணும். அப்பதான் பின்னாடி பில்டிங் தெரியாது" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் விடியுமுன் ஒட்டகம் மணல் குவியலுக்கு வந்துவிட்டது. ஏனோக் ஏற முடியாது. அதனால் ஞானசௌந்தரி ஏறினாள். ஒட்டகம் பின்னங்காலை முதலில் தூக்கியதும் "இயேசப்பா!" என்று அலறியவள், முன்னங்காலும் எழுந்து நேரானதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

ஏனோக் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முப்பத்து நாலு வருடமும் இந்த நேரத்தில் அவள் கையிலிருந்து டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார். விடியற்காலையில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவர் நின்று பார்த்ததில்லை.

"என்ன அப்படிப் பாக்கீங்க? படத்த எடுங்க!"

"எடுக்கேன், எடுக்கேன்."

படத்தின் ஓரத்தில் ஏதோ விழுந்திருந்தது. பிளெசியின் கண்ணில் அது பட்டுவிட்டது. "டாடி, பின்னாடி மெட்ரோ பில்லரா?"

"பழைய கோட்டையோட தூண்" என்று ஏனோக் எழுதினார். அனுப்பிவிட்டு, சபைக் கமிட்டிக்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"வாவ்! அப்போ பேலஸும் காமிங்க!"

பத்ரிநாராயணன் மட்டும் ஒன்றுமே எழுதவில்லை. அன்று முழுக்க எழுதவில்லை.

"கண்டுபிடிச்சிட்டார்" என்றார் ஏனோக்.

"கண்டுபிடிச்சா பிடிக்கட்டும். நீங்க வாங்க." தரையில் போர்வையை விரித்து உட்கார்ந்திருந்த ஞானசௌந்தரி, பயணத் திட்டக் காகிதத்தைக் கையில் எடுத்தாள். "இன்னைக்கு ராத்திரி நாம குளத்தங்கரையில ஒரு கிராமத்துல தங்குதோம். கம்பு ரொட்டி தருவாங்களாம்."

"நம்ம கிட்ட பிரெட்டுதான இருக்கு?"

"கண்ண மூடிட்டுத் தின்னுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அவள் ஊட்டிவிட்டாள்.

ஹப்சிகுடாவில் அரண்மனைக்குப் பஞ்சமில்லை. கல்யாண மண்டபங்களை எல்லாம் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். நாலாம் நாள் காலை, குவிமாடமும் யானைச் சிலைகளும் வைத்த மண்டபம் ஒன்றின் வாசலில் ஒட்டகம் வந்து உட்கார்ந்தது. ஞானசௌந்தரி ஏறினாள். ஆனால் ஒட்டகம் எழுந்திருக்கவில்லை.

ஜஹாங்கீர் கெஞ்சினான், அதட்டினான், வெல்லம் கொடுத்தான். அது வெல்லத்தைத் தின்றுவிட்டு உட்கார்ந்தே இருந்தது. நன்றாக விடிந்துவிட்டது. ஆறரை மணியும் ஆயிற்று.

தெருமுனையில் பால் பாக்கெட்டும் கையுமாக பத்ரிநாராயணனும் கல்பகமும் திரும்பினார்கள். நாலு அடி வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

ஞானசௌந்தரி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒட்டகத்தின் மேல் கூசி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்த ஏனோக், அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"சார், இவ மேல ஒண்ணுமில்ல. எல்லாம் என் தப்பு. இடுப்பு பிடிச்சிட்டு. பிள்ள பயந்திருவாளேன்னுதான்... நீங்க எல்லாம் உண்மையா போயிட்டு வந்தவங்க, உங்க முன்னால இப்படி நிக்க வெக்கமா இருக்கு."

பத்ரிநாராயணனுக்கு வியர்த்திருந்தது. அவர் ஏனோக்கைப் பார்க்கவே இல்லை. கல்பகம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கோன்னா, போயிடலாம்."

அதற்குள் வெல்லக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த ஜஹாங்கீர் அவர்களைப் பார்த்துவிட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"சலாம் சாப், சலாம் மேடம்! இந்த வருஷமும் ராஜஸ்தானா? அஞ்சு நிமிஷம் நில்லுங்க, இவங்களுக்கு முடிஞ்சதும் உங்களுக்குத்தான்!"