இடது காதில் அம்மா, வலது காதில் அத்தை

"டேய் ஃபோட்டி, சம்பந்தியம்மா குரல் எங்கேடா?"

காலைக் காப்பியைக் கையில் எடுத்த ஃபோட்டிஸுக்கு அம்மாவின் போன் இப்படித்தான் ஆரம்பித்தது. அசிமினா அம்மாளுக்கு வணக்கம், சாப்பிட்டாயா போன்ற சம்பிரதாயமெல்லாம் கிடையாது.

"பாட்காஸ்ட் உள்ளேதாம்மா இருக்கு. ரெண்டு பேரும்தானே பேசினீங்க?"

"நான் பேசறது மட்டும்தான் கேக்குது. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நானே கத்திட்டிருக்கேன். சம்பந்தியை வாயைத் திறக்கவிடாத பிசாசுன்னு ஊர்ல பேச மாட்டாங்களா? அந்தம்மா டோல்மா தேனா இனிக்கும்னு வேற சொன்னேனே, அதையும் காணோம்!"

"அது நீ மரியாதைக்குச் சொன்னதும்மா. அதான் வெட்டிட்டேன். சண்டை இருந்தாத்தான் நாலு பேர் கேப்பாங்க."

"உன் தலையை வெட்ட!" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

வோலோஸ் துறைமுகத்தில் படகு டிக்கெட் கொடுப்பது ஃபோட்டிஸின் வேலை. ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி பாட்காஸ்ட் நடத்துவது அவனுடைய பைத்தியம். இந்த முறை பைத்தியத்துக்கு ஒரு காரியம் இருந்தது. அவனுக்கும் மிர்ஸினிக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து, நானூறு பேருக்கு அழைப்புப் பட்டியல் எழுதி, மாதா கோயிலிலும் சொல்லி வைத்தாகிவிட்டது. தேதி மட்டும் குறித்தபாடில்லை. கல்யாணப் பந்தியில் யார் வீட்டு டோல்மா என்ற கேள்வியில் எல்லாம் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு வீட்டிலும் திராட்சை இலையில் வைத்துச் சுருட்டுவதுதான். ஆனால் அசிமினா அம்மாள் உள்ளே கொத்துக்கறி வைத்து, மேலே முட்டையும் எலுமிச்சையும் அடித்த குழம்பை ஊற்றிச் சுடச்சுடப் போடுவாள். மிர்ஸினியின் அம்மா பொலிக்ஸேனி கறியே சேர்க்காமல், அரிசியும் திராட்சையும் பைன் பருப்பும் வைத்து ஆறவைத்துக் கொடுப்பாள். "ருசின்னா என்னோடதுதான். ஆனா நமக்கெதுக்கு, அவங்க இஷ்டப்படியே நடக்கட்டும்!" என்று இரண்டு பேருமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெண்கள் விட்டுக்கொடுப்பது மாதிரி பேசினால் அதற்குக் கடுங்கோபம் என்று அர்த்தம் என்பது ஃபோட்டிஸுக்குத் தெரியும். மூன்று அக்காள்களோடு வளர்ந்தவன் இல்லையா?

ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த மிர்ஸினி ஒரு நாள் பொங்கிவிட்டாள். "ரெண்டு பேரையும் மைக் முன்னாடி உக்கார வை. கேக்கறவங்க முடிவு பண்ணட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை தேதி குறிக்கலைன்னா நான் தெசலோனிகி வேலைக்குச் சரின்னு எழுதிப் போட்டுடுவேன். அப்புறம் நீ உன் மைக்கையே கட்டிக்கோ."

அவள் சொன்னால் செய்வாள். ஃபோட்டிஸ் அன்றைக்கே மைக்கைத் துடைத்து எடுத்து வைத்தான்.

பதிவு அமர்க்களமாக நடந்தது. ஃபோட்டிஸ் அதை உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செதுக்கினான். அம்மாவின் குரல் முழுக்க இடது பக்கம், அத்தையின் குரல் முழுக்க வலது பக்கம். கேட்பவனுக்குச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது போலவே இருக்க வேண்டும்! காதுகளை மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபோது அவனுக்கே மெய்சிலிர்த்தது. ஸ்டீரியோவில் எக்ஸ்போர்ட் செய்து ஏற்றிவிட்டு, தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான்.

ஊரை மறந்துவிட்டான் பாவம். வோலோஸில் யார் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டுகிறார்கள்? ஒரு காது போனுக்கு, ஒரு காது பக்கத்து வீட்டுக்கு. எதிர்த்த பால்கனியில் யாராவது ஏதாவது சொல்லி, அது காதில் விழாமல் போனால் அந்த நாளே வீண். அசிமினா அம்மாளுக்குப் பக்கத்து வீடு வலது பக்கம் என்பதால் இயர்போன் இடது காதில். பொலிக்ஸேனி அத்தைக்கு நேர்மாறு.

காப்பி ஆறுவதற்குள் அத்தையும் கூப்பிட்டுவிட்டாள்.

"மாப்பிள்ளை, உங்கம்மா என்ன ஊமையா? நான் மட்டும் தனியா உளறிட்டிருக்கேன். நல்லாவா இருக்கு? அவங்க பெருமையா நாலு வார்த்தை பேசினாங்களே, அதைப் போடுங்க முதல்ல!"

ஃபோட்டிஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே மிர்ஸினியிடம் சொன்னான். "கேட்டியா? ஒருத்தருக்காக ஒருத்தர் பரிஞ்சு பேசறாங்க! பாதி சமாதானம் வந்தாச்சு!"

"எங்கம்மாவா? உங்கம்மாவுக்காகவா?" மிர்ஸினி நம்பவில்லை. "சரி, ரெண்டு குரலையும் ஒண்ணாச் சேர்த்து மோனோவுல போட்டுடு. எந்தக் காதுல வச்சாலும் ரெண்டும் கேக்கும்."

நல்ல யோசனைதான். அவன் மோனோ என்று அழுத்தியதும் கம்ப்யூட்டர், எந்தப் பக்கம் என்று கேட்டது. இடது பக்கத்தில் ஏற்கெனவே குறி போட்டிருந்தது. நமக்கு ஒரு வேலை மிச்சம் என்று 'சரி' கொடுத்து, அதை ஏற்றிவிட்டு, ஸ்கியாதோஸ் தீவுப் படகுக்கு டிக்கெட் கொடுக்க ஓடினான். கேட்டுப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஊர் பூராவும் அசிமினா அம்மாளின் குரல் மட்டும் முழங்கிக்கொண்டிருந்தது.

"என்னைக் கொன்னுட்டேடா!" அம்மா போனில் அழாத குறை. "கீழே என்ன எழுதறாங்க பாரு. 'அசிமினா அம்மா டோல்மாதான் வேணும்'னு வரிசையா எழுதறாங்க!"

"அப்போ நீ ஜெயிச்சுட்டேம்மா!"

"பனாயியா மாதாவே! ஜெயிச்சுட்டேனாம்! உடனே அந்தம்மா குரலைப் போடுடா. போட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

என்ன மனசு என்று ஃபோட்டிஸ் உருகினான். அடுத்த நிமிடம் அத்தை கூப்பிட்டாள். குரலில் பாகு வழிந்தது.

"மாப்பிள்ளை, ரொம்ப அழகா வந்திருக்கு. இனிமே அதுல கையே வைக்காதீங்க, என் கண்ணு இல்ல? உங்கம்மாவே ஜெயிச்சதா இருக்கட்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

ஃபோட்டிஸுக்கு அத்தையைத் தெரியும். பொலிக்ஸேனி அத்தை கத்தினால் அது சாதாரண நாள். 'என் கண்ணு' என்று சொன்னால் எரிமலை புகைகிறது என்று பொருள். 'ஒரு வருத்தமும் இல்ல' வேறா? கல்யாணம் போச்சு, மிர்ஸினி தெசலோனிகிக்குப் போனாள், அவ்வளவுதான்!

பயத்தில் மூளை வேலை செய்வது குறைவு. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தபடியே, ஒரு நாள் அம்மாவுக்கு என்றால் ஒரு நாள் அத்தைக்கு, அதுதான் நியாயம் என்று தீர்மானித்து, இடது பக்கக் குறியை எடுத்து வலது பக்கத்தில் போட்டு மறுபடியும் ஏற்றிவிட்டான். ஊர் பூராவும் இப்போது பொலிக்ஸேனி அத்தை மட்டும்.

மறுநாள் காலை அத்தையின் போனை அவன் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? என் பொண்ணைக் கேட்டீங்க, குடுத்தேன்! இப்ப என் உயிரையும் கேக்கறீங்களா? ரொட்டிக் கடைக்காரன் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொல்றான்! எல்லாருக்கும் என் டோல்மாதான் வேணுமாம்!"

"அத்தை, அது சந்தோஷமான விஷயம்தானே?"

"சந்தோஷமாம்! எடுங்க அதை!"

போன் சூடு ஆறுவதற்குள் அம்மாவே கவுண்டருக்கு வந்துவிட்டாள். கையில் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கிய பால் பணியாரம், பாகு சொட்டச் சொட்ட. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் கன்னத்தைத் தடவினாள்.

"இதுதாண்டா ராஜா சரி. ரொம்ப நல்லா இருக்கு. இப்படியே விட்டுடு."

"அம்மா, நீ மனசுல ஒண்ணும் வச்சுக்கலையே?"

"எனக்கென்னடா? பொண்ணைக் குடுத்தவங்க, அவங்க கௌரவம்தான் முக்கியம். சாப்பிடு, சாப்பிடு."

வரிசையில் நின்ற ஜெர்மன்காரர்கள் எல்லாரும் பார்க்க ஃபோட்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். திட்டாத அம்மாவை அவன் பார்த்ததே இல்லை. உள்ளுக்குள் எவ்வளவு நொறுங்கிப் போயிருந்தால் பணியாரம் செய்வாள்!

"போதும்," என்றாள் மிர்ஸினி அன்று மாலை. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நகரு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். இடதும் வேணும், வலதும் வேணும். ரெண்டுக்கும் ஒரே சத்தம். ஏத்தறதுக்கு முன்னாடி கேக்கணும். ஒரு காதுல, மறு காதுல, அப்புறம் போனை மேஜையில வச்சு."

அப்படியே செய்தார்கள். இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டது. ஃபோட்டிஸ் வெட்டி எறிந்த மரியாதைப் பேச்சு மட்டும் இல்லை; அதை எப்போதோ அழித்துவிட்டான். மிச்சமிருந்தது முழுக்க முழுக்கப் பெருமைதான். என் கறி, என் குழம்பு, என் பருப்பு, என் எண்ணெய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடற்கரைக் காப்பிக் கடைக்காரர் தன் ஒற்றை ஸ்பீக்கரில் அதைப் போட்டுவிட்டார். ஸிபூரோ சாராயமும் வறுத்த நெத்திலியுமாக உட்கார்ந்திருந்த கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. முடிந்ததும் மேஜைகளைத் தட்டி ஒரே கூச்சல்.

"ரெண்டும் வேணும்! கல்யாணத்துல ரெண்டு டோல்மாவும் வேணும்!"

பாதிரியார் வேறு எழுந்து நின்று கைதட்டினார். இதற்கு மேல் என்ன தீர்ப்பு வேண்டும்?

ஃபோட்டிஸ் மிதந்துகொண்டுதான் மிர்ஸினி வீட்டுக்குப் போனான். மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் அத்தையும் ஏனோ அன்று பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். மிர்ஸினியின் அப்பா ஸ்டெர்யோஸ் வழக்கம்போல மூலையில் ஆலிவ் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் வாயைத் திறக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்ததில்லை.

"ஊரே சொல்லிடுச்சு!" ஃபோட்டிஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "யாரும் தோக்கல. அம்மா டோல்மாவும் உண்டு, அத்தை டோல்மாவும் உண்டு. நானூறு பேருக்கும் ரெண்டும் போடறோம்!"

அம்மா மெல்லச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டுமா?" என்றாள் அம்மா.

"நானூறு பேருக்குமா?" என்றாள் அத்தை.

"பாதிரியாரே கைதட்டினாரு!" மிர்ஸினி காலண்டரை எடுத்து மேஜையில் போட்டாள். "இனி சாக்கு கிடையாது. செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு. சரிதானே?"

ஊர் முன்னால் பெருமையடித்துவிட்டு எந்த முகத்தோடு மறுப்பது? இரண்டு தலைகளும் மெதுவாக ஆடின. தேதி குறித்தாகிவிட்டது! மிர்ஸினி ஓடி வந்து ஃபோட்டிஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவனுக்குச் சந்தோஷத்தில் காலே தரையில் பாவவில்லை.

ஆனால் இரண்டு அம்மாக்களும் கைகோத்தபடி எழுந்து, இழவு வீட்டிலிருந்து போகிறவர்கள் மாதிரி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மிர்ஸினியும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே ஓடினாள்.

ஃபோட்டிஸ் குழம்பிப் போய் மாமனார் பக்கம் திரும்பினான். "என்ன மாமா இது? ரெண்டு பேரையும் சமமா ஜெயிக்க வச்சிருக்கேன். யார் முகத்துலயும் ஒரு சிரிப்பைக் காணோமே?"

ஸ்டெர்யோஸ் சமையலறைக் கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். ஃபோட்டிஸின் கிளாஸில் ஸிபூரோவை ஊற்றினார். பிறகு குனிந்து காதோடு சொன்னார்:

"மாப்ள, யார் வீட்டு டோல்மா பந்திக்கு வருதோ, அந்த வீட்டுப் பொம்பளைதான் உக்காந்து நானூறு பேருக்கும் இலை சுருட்டணும். ஆறு மாசமா அவங்க சண்டை போட்டது ஜெயிக்கறதுக்கா? தோக்கறதுக்குய்யா!"