முதலாளி வேஷம் போட்டவன் மைத்துனருக்கு எழுதிக்கொண்டது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொண்டது. நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே பொய் சொல்ல வேண்டாம் என்று அதை விட்டுவிடுகிறேன். தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் இருமலும் குறைந்திருக்கும், பிள்ளைகள் பரீட்சையை ஒரு வழியாக எழுதி முடித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை வேலைநிறுத்தம் செய்கிறாள். இன்று மூன்றாவது நாள். சமையல் இல்லை, என்னோடு பேச்சுவார்த்தை இல்லை, நான் குறுக்கே போனால் சுவரைப் பார்க்கிறாள். இதற்கெல்லாம் காரணம் ஒரு சினிமா. தாங்கள் பதறாமல் கடைசி வரை படிக்க வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் பூட்டிக்கிடந்த செங்கல் சூளையை ஒரு சினிமாக் கம்பெனி எடுத்து, நூறு வருஷத்துக்கு முந்தைய நிலக்கரிச் சுரங்கமாக மாற்றியிருக்கிறார்கள். மனிதனை மனிதனாக நடத்தச் சொல்லி சுரங்கத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்வதுதான் கதை. கூட்டத்தில் நிற்க ஆட்கள் தேவை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவள் உங்கள் தங்கை. "வீட்ல உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறதுக்கு நாலு மனுஷங்களைப் பார்த்துட்டு வருவோம், கிளம்புங்க" என்றாள். நான் பை தூக்கத்தான் கூடப் போனேன், மச்சான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

போன இடத்தில் மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குறிப்பாக நடுவில் பார்த்தார். "வயிறு சொந்த வயிறா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே என்னைத் தனியாக அழைத்துப் போய், கம்பளிக் கோட்டு மாட்டி, அது பின்னால் மூடாததால் நான்கு துணிக்கிளிப் போட்டு, கையில் பிரம்பும் தலையில் உயரமான தொப்பியும் கொடுத்து, சுரங்க முதலாளி ஆக்கிவிட்டார்கள். உட்கார நாற்காலி, தலைக்கு மேல் குடை, குடிக்கக் குளிர்ந்த பழச்சாறு. உங்கள் தங்கையின் முகத்தில் கரித்தூளும் எண்ணெயும் குழைத்துப் பூசி, முதுகில் சாக்கட்டியால் இருபத்தேழு என்று எழுதி, வெயிலில் நிறுத்திவிட்டார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் நான் பழச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு அவளைப் பார்த்துக் கையாட்டினேன் என்பது உண்மை. அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு ஒரே ஒரு வசனம். தொழிலாளிகள் கோஷம் போட்டுக்கொண்டு வருவார்கள், நான் எழுந்து, பிரம்பைத் தரையில் தட்டி, "முடியாது! குழிக்குள்ளே இறங்குங்க!" என்று சொல்ல வேண்டும். பச்சைக் குழந்தை சொல்லிவிடும். ஆனால் தங்களுக்குத் தெரியும், நான் தண்ணீர் இலாகாவில் முப்பத்துநான்கு வருஷம் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவன். எங்கள் பிரிவில் முடியாது என்கிற சொல்லே கிடையாது. முடியாது என்று சொன்னால் புகார் கொடுத்தவன் கோபித்துக்கொண்டு மேலதிகாரியிடம் போவான். பரிசீலிக்கிறோம் என்றால் வீட்டுக்குப் போவான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. முப்பத்துநான்கு வருஷத்தில் நான் ஒரு குழாயைக்கூட மறுத்ததில்லை, ஒரு குழாயைக்கூடச் சரிசெய்ததும் இல்லை.

டைரக்டர் ஆரம்பிக்கச் சொன்னார். கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டு வந்தது. நான் எழுந்து, பிரம்பைத் தட்டி, "பரிசீலிக்கிறோம்" என்றேன். சிரித்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். "ஆவன செய்யப்படும்" என்றேன். மூன்றாவது முறை "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்றேன். நான்காவது முறை முடியாது என்று தொடங்கிவிட்டேன் மச்சான், சத்தியமாகத் தொடங்கிவிட்டேன், ஆனால் முன்வரிசையில் வந்த ஆள் கோபமாகப் பார்த்தார், உடனே "ரெண்டு வாரம் கழிச்சு வந்து பாருங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்குள் பதினாறு முறை எடுத்தார்கள். பதினாறு முறையும் நாற்பது பேர் அந்த வெயிலில் மேடேறி வந்து தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் தங்கை திரும்பி நடக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கள் சின்ன வயதிலிருந்தே அறிவீர்கள்.

அப்புறம் சாப்பாட்டு நேரம் வந்தது. கூட்டத்தார் கை கால் முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்கள். மேனேஜர் ஓடிவந்து குறுக்கே நின்றார். காலையில் கன்னத்தில் இருந்த கரி சாயங்காலமும் அதே கன்னத்தில் அதே இடத்தில் இருக்க வேண்டுமாம், அதற்குக் கன்டின்யுட்டி என்று பேராம். ஒவ்வொரு முகத்தையும் காலையிலேயே போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். யாரும் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, வேர்த்தால்கூட ஒற்றித்தான் எடுக்க வேண்டும். உதட்டுக் கரி கலையாமல் இருக்கத் தண்ணீரை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கச் சொன்னார். உட்கார்ந்தால் உடுப்பில் மண் ஒட்டும் என்று நின்றுகொண்டே சாப்பிடச் சொன்னார். "இருபத்தேழு, அந்தப் பக்கம் போ! முப்பத்திரண்டு, மூக்கைத் தொடாதே!" என்று ஒரே விரட்டல்.

கூட்டத்தில் ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். முப்பத்திரண்டு அவர்தான். அவர் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"காலையிலேருந்து நாம என்ன கோஷம் போட்டோம்?" என்று கேட்டார்.

"முகம் கழுவத் தண்ணி கொடு, உட்கார நிழல் கொடு, மரியாதையாப் பேசு. அதானே?" என்றாள் உங்கள் தங்கை.

"இப்ப நமக்கு இதுல எது இருக்கு?"

நாற்பது கரி முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மத்தியானம் ஷூட்டிங் தொடங்க விசில் ஊதியபோது ஒருவரும் அசையவில்லை. மண்ணோடு மண்ணாக எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷத்தைப் புதிதாக எழுதும் சிரமம்கூட இல்லை, காலையில் பதினாறு தடவை பாடம் செய்ததுதான். தலைவி யார் என்று சொல்லவும் வேண்டுமா?

டைரக்டர் முதலில் ஒத்திகை என்று நினைத்து சந்தோஷப்பட்டார். விஷயம் தெரிந்ததும் மேனேஜர் என் குடைக்கடியில் வந்து கெஞ்சினார். "சார், நீங்க புகார் ஆபீஸ்ல இருந்தவராமே. ரெண்டு வார்த்தை பேசி எழுப்பி விடுங்க." அதுவரை பதினாறு முறை மானம் போயிருந்ததால், நமக்குத் தெரிந்த வேலை ஒன்று கிடைத்ததே என்று நானும் கிளம்பினேன். தொப்பியைக் கழற்றிவிட்டுப் போயிருக்கலாம். தோன்றவில்லை.

"என்ன பிரச்சனை?" என்று பொதுவாகக் கேட்டேன்.

உங்கள் தங்கை எழுந்து நின்றாள். "முகம் கழுவத் தண்ணி வேணும். உட்காரப் பெஞ்சு வேணும். நம்பர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அம்மா, ஐயான்னு கூப்பிடணும். உண்டா, இல்லையா?"

"பரிசீலிக்கிறோம்" என்றேன்.

அவ்வளவுதான் மச்சான். இடுப்பில் கைவைத்தாள்.

"இதையேதான் முப்பத்தோரு வருஷமா வீட்லயும் சொல்றார், கேளுங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "சமையல்கட்டு ஜன்னல் கொக்கி உடைஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு. மழை வந்தா அடுப்புல சாரல். எத்தனை தடவை கேட்டாலும் பரிசீலிக்கிறாராம்! சாப்பிட்ட தட்டை எடுத்துப் போடச் சொன்னேன், பரிசீலனை! ஒரு நாளாவது நீங்க டீ போடுங்கன்னு சொன்னேன், மேலிடத்துக்கு எழுதியிருக்காராம். வீட்ல எனக்குத் தெரியாம யாரு அந்த மேலிடம்?"

கூட்டம் கொந்தளித்துவிட்டது. கண்டக்டர் எழுந்து, "கொக்கி போடு! கொக்கி போடு!" என்று ஆரம்பித்தார். நாற்பது பேரும் என் வீட்டு ஜன்னலுக்காக முஷ்டியை உயர்த்தினார்கள். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை. உங்கள் தங்கை என் மூக்குக்கு நேராக வந்து நின்று, "உண்டா, இல்லையா? ஒரே வார்த்தை!" என்றாள். எனக்குக் கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. ஒரு கிளிப் தெறித்து விழுந்தது. பிரம்பை ஓங்கித் தரையில் தட்டி, "முடியாது! குழிக்குள்ளே இறங்குங்க!" என்று கத்திவிட்டேன்.

"கட்! ஓகே! பிரமாதம்!" என்று மேலிருந்து ஒரு குரல். டைரக்டர் வேன் கூரையில் காமிராவோடு படுத்திருந்தார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். கீழே குதித்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். காட்சி கிடைத்த சந்தோஷத்தில் இன்னும் இரண்டு குழாய் போடச் சொன்னார், பெஞ்சு வரவழைத்தார், மேனேஜரை நாற்பது பேரிடமும் போய் அம்மா, ஐயா என்று சொல்லவைத்தார். கூட்டம் கைதட்டியது. எல்லோரும் முகம் கழுவினார்கள். உங்கள் தங்கை மட்டும் கழுவவில்லை. கரி முகத்தோடு தெருவில் நேராக நடந்து வீட்டுக்குப் போய், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போது உட்கார்ந்தவள்தான்.

பிரிட்ஜ் கதவில் கோரிக்கைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அதில் ஜன்னலைத் தவிர இன்னும் பதின்மூன்று இருக்கின்றன. ஆதரவு தெரிவிக்கக் கூட்டத்துப் பெண்கள் நான்கு பேரும் கண்டக்டரும் தினமும் வந்து கூடத்தில் உட்காருகிறார்கள். வீடு தேடி வந்தவர்களைச் சும்மா விடலாமா? எனக்கு எதிரான போராட்டத்துக்கு நான்தான் டீ போட்டுக் கொடுக்கிறேன். முதல் நாள் ஐந்து பேரும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். நேற்று கண்டக்டர் சர்க்கரை போதவில்லை என்று புகார் சொன்னார். உங்கள் தங்கை என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவர் மூலமாகத்தான் சொல்கிறாள். "பால் பொங்குதுன்னு முதலாளிகிட்ட சொல்லுங்க" என்றாள். அவர் எழுந்து வந்து சொல்வதற்குள் பொங்கிவிட்டது.

நான் எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். அது நடிப்பு. வசனத்தில் இருந்ததைத்தான் சொன்னேன், ஓர் எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடிப்புக்குக் கோபித்துக்கொண்டால் உலகத்தில் எந்த நடிகன் வீட்டில் சோறு கிடைக்கும்? ஆகவே தாங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வந்து, அது நடிப்புதான் என்று உங்கள் தங்கைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டாள். இந்த வயதில் அவள் குரல் கேட்காத வீட்டில் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. நான் பயந்துபோயிருக்கிறேன், மச்சான். தாங்கள் கட்டாயம் வர வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் துணிச்சலோடும் வளர வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வருகையையே நம்பியிருக்கும் மைத்துனன்

பின்குறிப்பு: இதை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு உறை வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் உங்கள் தங்கை படித்துவிட்டாள். நடிப்பு என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள், தாங்களே பார்க்கலாம். கண்டக்டரை விட்டுவிட்டு நேராக என்னிடமே கேட்டாள். "பதினாறு தடவை வராத நடிப்பு பதினேழாவது தடவை எங்கேருந்துங்க வந்துச்சு?" பரிசீலிக்கிறோம் என்று வாய் வரை வந்துவிட்டது, மச்சான். அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். நடிப்பு இல்லை. நிஜமான கோபம்தான். நாற்பது பேருக்கு முன்னால் நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று தெரிந்துவிட்டதே என்கிற கோபம். நீ கேட்டதெல்லாம் நியாயம் என்று தெரிந்தேதான் கத்தினேன் என்றேன். "இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்றாள். "காமிரா ஓடிக்கிட்டிருந்துச்சே" என்றேன். சிரித்துவிட்டாள். மூன்று நாளுக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு, கண்டக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆதரவாளர்களோடு வெளியேறினார்.

ஆகவே மேலே எழுதியதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் நான் தங்களை அழைத்திருப்பதைப் படித்ததிலிருந்து உங்கள் தங்கை மிகவும் சுறுசுறுப்பாக இருக்கிறாள். "அண்ணன் வரட்டும், சின்ன வயசுலேருந்து அவர்கிட்டயும் எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கு" என்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். இந்த நிமிஷம் வரை இருபத்திரண்டு கோரிக்கைகள் ஆகியிருக்கின்றன. ஒன்று விடாமல் படித்தேன். எல்லாம் நியாயமாகத்தான் இருக்கின்றன, மச்சான். அடியில் ஆதரவாளர் என்று கையெழுத்துப் போட்டிருப்பவன் நான்தான்.